காலுக்குக் காவல்

சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் கணவர் சீட்டு ஒட்டிவைத்த அன்றைக்குத்தான் மருந்தக்காவின் பொறுமை முழுசாகக் கரைந்துபோனது. உப்பு டப்பாவில் ‘உப்பு’. சர்க்கரை டப்பாவில் ‘சர்க்கரை’. அடுப்புக்கு மேலே சுவரில் ‘அணைத்தாயா?’ குளியலறைக் கதவில் ‘குளியலறை’. முப்பது வருஷமாக அந்த வீட்டில் குடியிருப்பவளுக்குக் குளியலறை எதுவென்று எழுதிக் காட்டுகிறார். அதுவும் ஏனோதானோ என்று இல்லை. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர்; நில வரைபடத்தில் எழுதுகிற அதே சதுர எழுத்து, அளவெடுத்து வெட்டிய அட்டை, நாலு மூலையிலும் பசை.

“கதவுக்கு எதுக்குங்க பேரு? உள்ள போனா தெரியாதா?” என்று கேட்டாள்.

“இருக்கட்டும். இப்ப இல்லேன்னாலும் பின்னாடி உதவும்” என்றார் அவர், மிகவும் அன்பாக. அந்த அன்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. தம்பியின் மருந்துக் கடையில் இருபத்தாறு வருஷமாக அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே நின்றவள். வாங்க வருகிறவர்கள் வைத்த பெயர்தான் மருந்தக்கா. போகப்போகத் தம்பி மனைவிகூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எழுதின டாக்டருக்கே புரியாத கிறுக்கலை அக்கா ஒரே பார்வையில் படித்துவிடுவாள். மேல் தட்டில் கையை விட்டபடியே கீழே நிற்கிறவரிடம் இருமல் எத்தனை நாளாக என்று விசாரிப்பாள். விசாரித்தபடியே பக்கத்து ஆளிடம் இது சாப்பாட்டுக்கு முன்னால், அது பின்னால் என்று சொல்லி அனுப்புவாள். ஒரே நேரத்தில் நாலு பேரோடு பேசி நாலு பேருக்கும் சரியாகக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்தபோது அறை சுற்றியது. மின்விசிறி நின்றிருந்தது, கூரைதான் சுற்றியது. இடது காதின் உட்புற நரம்பை ஏதோ வைரஸ் தாக்கியிருக்கிறது என்றார்கள். மூன்று வாரம் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தலையைத் திருப்பினால் வாந்தி, திருப்பாவிட்டால் பயம். பிறகு சுற்றுவது நின்றது. நின்றுவிட்டதல்லவா, இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் அனுப்பிவிட்டார்.

ஆனால் எதுவோ பழையபடி இல்லை. வீட்டில் சுவரோரமாகவே நடந்தாள். கடையில் மேசை விளிம்பை விட்டுக் கை எடுக்கவில்லை. அதைக்கூட ஒருத்தரும் பெரிதாக நினைக்கவில்லை. எல்லோர் கண்ணிலும் பட்டது மறதிதான். சமையலறைக்குள் வந்து எதற்கு வந்தோம் என்று நிற்பாள். பேசிக்கொண்டே நடந்தால் பாதி வாக்கியம் எங்கேயோ நழுவிவிடும். பால் பொங்கி அடுப்பு நனைந்தது மூன்று தடவை. கடைசியாக, வாடிக்கையாக வரும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும்போது, அவர் தன் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க, இவள் திரும்பி ஐம்பது மில்லிகிராமுக்குப் பதில் இருபத்தைந்தை எடுத்து வைத்துவிட்டாள். அவர்தான் அட்டையின் நிறத்தைப் பார்த்து, “அக்கா, என்னோடது நீலமாச்சே” என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை தம்பி அவளிடம் கண்ணைப் பார்க்காமல், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னான்.

எல்லோரும் என்ன நினைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அம்மாவுக்கு அறுபது வயதில் மறதி நோய் வந்தது. முதலில் பால் பொங்கியது, பிறகு வார்த்தைகள் போயின, கடைசி இரண்டு வருஷம் இவளைப் பார்த்து ‘நர்ஸம்மா’ என்று கூப்பிட்டார். அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால்தான் வேறு ஊரில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள் தினமும் காலையில் போன் செய்து, சுற்றி வளைத்து, “இன்னைக்கு என்ன கிழமைம்மா?” என்று கேட்டாள். அதனால்தான் கணவர் கண்கொத்திப் பாம்பு மாதிரி பின்னாலேயே திரிந்தார். அக்காவுக்கு ஆத்திரம் மூக்கு நுனியில் நின்றது. அந்த ஆத்திரத்துக்கு அடியில், யாரிடமும் சொல்லாமல், அதே பயம் அவளுக்கும் இருந்தது.

ஞாபக சக்தியைச் சோதிக்கும் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நாற்காலியில் உட்காரவைத்து அவர் கேள்வி கேட்டார். தேதி, மாதம், ஐந்து வார்த்தைகளை நினைவில் வைத்துப் பிறகு சொல்வது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. அக்கா தண்ணீர் குடிப்பது போலச் சொன்னாள். முப்பதுக்கு இருபத்தொன்பது. போன ஒரு மதிப்பெண், இது எத்தனையாவது மாடி என்ற கேள்விக்கு. லிப்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன், எனக்கெப்படித் தெரியும் என்றாள் அவள்.

இதில் சந்தோஷப்பட வேண்டியவர்கள் இன்னும் கலங்கிப்போனார்கள். டாக்டர் முன்னால் நன்றாக இருக்கிறாள், வீட்டில்தான் இப்படி என்று கணவர் தாழ்ந்த குரலில் புகார் சொன்னார், ஏதோ வகுப்பில் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும் மாணவியைப் பற்றிச் சொல்வது போல. எழுந்து வாசலுக்குப் போன அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்து, பிறகு சுவரைத் தொட்டு, பிறகு கணவரின் சட்டையைப் பிடித்து நின்றதை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துக் கீழ்த்தளத்துக்குப் போகச் சொன்னார். சமநிலைப் பயிற்சி அங்கேதான்.

கீழ்த்தளத்தில் ரப்பர் வாசனை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, தரையில் மஞ்சள் நாடா ஒட்டிய ஒரு நீளப் பாதை. அங்கே இருந்த பிசியோதெரபிஸ்டுக்கு நாற்பது வயதிருக்கும். தொண்டை கட்டின குரல், கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு வாக்கியத்தைக்கூட எதிராளி முடிக்க விடாத அவசரம். அக்கா மனசுக்குள் அவளுக்குக் கடிகாரக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

கடிகாரக்காரி முதலில் தரையில் நிற்கச் சொன்னாள். நின்றாள். கண்ணை மூடச் சொன்னாள். கொஞ்சம் ஆடினாலும் நின்றாள். பிறகு ஒரு தடித்த ஸ்பாஞ்ச் பலகையின் மேல் ஏற்றி, கண்ணை மூடச் சொன்னாள். அவ்வளவுதான், அக்கா மூட்டை சாய்வது போலப் பக்கவாட்டில் சாய்ந்தாள். கடிகாரக்காரி அதை எதிர்பார்த்துத்தான் கையை நீட்டி வைத்திருந்தாள்.

அப்புறம் மஞ்சள் பாதையில் நடக்கச் சொன்னாள். ஒன்பது விநாடி. “இப்ப நடந்துக்கிட்டே நூறுல இருந்து மூணு மூணா கழிச்சுட்டு வாங்க” என்றாள். அக்கா புறப்பட்டாள். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றுநாலு என்றவள் நின்றுவிட்டாள். கால் நின்றதும் தொண்ணூற்றொன்று வந்தது. கால் எடுத்ததும் எண் போனது. எண்ணைப் பிடித்தால் பாதை சாய்ந்தது. போய்ச் சேர இருபத்து மூன்று விநாடி, அதற்குள் இரண்டு தடவை கம்பியைப் பிடித்தாள். நெற்றியில் வியர்வை. மருந்துக் கடைக்காரிக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்று கணவர் கண் கலங்கிவிட்டார்.

கடிகாரக்காரி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து அதே கணக்கைக் கேட்டாள். அக்கா மூச்சு விடாமல் பத்தொன்பது வரை இறங்கி வந்துவிட்டாள்.

“பாத்தீங்களா?” என்றாள் கடிகாரக்காரி, கணவர் பக்கம் திரும்பி. பிறகு அக்காவிடம் சொன்னாள்: “உங்க இடது காது வேலைய விட்டுடுச்சு. நீங்க நேரா நிக்கறீங்களா சாயறீங்களான்னு சொல்ற வேலை. நமக்கெல்லாம் அது தானா நடக்கும். உங்களுக்கு இப்ப அத மூளைதான் பாத்துப் பாத்து செய்யுது. அந்த நேரத்துல யாராவது ஒண்ணு கேட்டா, எத விடறது?”

“அப்ப என் புத்தி?” என்று கேட்டாள் அக்கா. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“புத்தி எங்கயும் போகல. காலுக்குக் காவல் நிக்குது. யாராவது கேள்வி கேட்டா காவல விட்டுட்டு வரணும், இல்ல பதில விட்டுடணும். அதான் பால் பொங்குது.”

அக்காவுக்கு முதலில் நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஐந்து மாதமா? சுற்றுவது நின்றதும் போய் வா என்றவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? நிம்மதி, பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் வந்தது. அப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயிற்சி என்று கொடுத்தவை ஒவ்வொன்றும் எரிச்சலுக்கென்றே யோசித்துச் செய்தவை போல இருந்தன. சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். ஒரு நிமிஷம் ஆட்டினால் ஒரு மணி நேரம் குமட்டும். குமட்டினால்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றாள் கடிகாரக்காரி, தாராளமாக. அடுத்தது, தலையைத் திருப்பித் திருப்பி நடப்பது. அதற்கடுத்தது, நடக்கும்போது வீட்டில் ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், இவள் நிற்காமல் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்கும் வேலை கணவருக்கு வந்தது. குரங்கு கையில் பூமாலை. அவர் நடைவழியை நாடா வைத்து அளந்தார், ஏழு மீட்டர் இருபது சென்டிமீட்டர். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நாள், நேரம், விநாடி, தடுமாற்றம் என்று கட்டம் போட்டார். பிறகு கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாடுகளின் தலைநகரங்களைக் கேட்க ஆரம்பித்தார். உட்கார்ந்திருந்தாலும் அவளுக்குத் தெரியாதவை அவை. தெரியாது என்றால், ‘பதில் இல்லை’ என்று நோட்டில் எழுதினார்.

“நான் பள்ளிக்கூடத்துலயே படிக்காததுக்கெல்லாம் மார்க் குறைக்கறீங்க” என்றாள்.

கடிகாரக்காரியிடமே புகார் போனது. அவளுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள், மருந்துப் பெயர் கேளுங்கள், வீட்டு விஷயம் கேளுங்கள் என்று அவருக்குத்தான் திட்டு விழுந்தது. அன்று அக்கா கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தாள். ஏனென்றால் அவளும் ஒரு தில்லுமுல்லு செய்திருந்தாள். நூறிலிருந்து மூன்று மூன்றாக இறங்கும் கணக்கைப் படுக்கையில் கிடந்தபடி பாட்டு மாதிரி உருப்போட்டு வைத்திருந்தாள். அடுத்த சோதனையில் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டே நடந்தாள், பதினோரு விநாடி. கணவர் கைதட்டப் போனார். கடிகாரக்காரி ஸ்டாப்வாட்சைப் பார்க்கவே இல்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாருக்கு. இப்ப நூத்திரெண்டுல இருந்து வாங்க.”

அக்கா மூன்றாவது அடியில் நின்றாள். தலையில் அடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, கை கம்பியைப் பிடித்திருந்தது. உருப்போட்டதை ஒப்பிக்க மூளை தேவையில்லை, யாரை ஏமாற்றுகிறீர்கள், உங்கள் காலையா என்று கடிகாரக்காரி கேட்டாள். ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்துத் தலையாட்டுகிறவளிடம் இப்படிக் கேட்க எப்படி மனசு வருகிறது என்று அக்காவுக்கு அழுகை வந்தது. அழுதால் கண் மறைத்து இன்னும் சாயும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டாள்.

மகளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. காதில் வந்த வியாதிக்கும் பால் பொங்குவதற்கும் என்ன சம்பந்தம், யாரோ பயிற்சி தருகிறவர் சமாதானத்துக்குச் சொல்வதை நம்பிக்கொண்டு நாளைக் கடத்துகிறீர்கள் என்பது அவள் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே வந்து இறங்கினாள். மூளைக்கு ஸ்கேன் எடுக்க நாள் குறித்துவிட்டதாகச் சொன்னாள். சொன்னது அம்மாவிடம் அல்ல, அப்பாவிடம். அக்கா நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலாக இரண்டு பேரும் பேசினார்கள். ஸ்கேனுக்கு முன் சாப்பிடலாமா கூடாதா, யார் கூடப் போவது, அம்மா ஒத்துழைப்பாளா.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே படுக்கையறைக்குப் போய் இரண்டு தலையணைகளை எடுத்து வந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகத் தரையில் போட்டாள்.

“ஏங்க, இதுமேல ஒத்தைக் கால்ல நில்லுங்க. கண்ண மூடிக்கங்க.”

கணவர் விளையாட்டு என்று நினைத்துத்தான் ஏறினார். கண்ணை மூடியதும் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். முக்கோண நிலத்தின் பரப்பை மனக்கணக்காகச் சொன்ன மனிதர். தொண்ணூற்று மூன்று என்றார், தொண்ணூற்று... என்றார், திரைச்சீலையைப் பிடித்தார், கம்பியோடு திரை அவர் மேலேயே விழுந்தது. மகள் சிரித்தாள். சிரித்தவளையும் ஏற்றினாள் அக்கா. மகள் கைகளை விரித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தபோது, மிகச் சாதாரணமான குரலில் கேட்டாள்.

“இன்னைக்கு என்ன கிழமைம்மா?”

“புதன்” என்று சொல்லிக்கொண்டே மகள் சோபாவில் விழுந்தாள்.

திரையைச் சுருட்டிக்கொண்டு கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“உனக்கு இது ஒரு நிமிஷம். எனக்கு ஏழு மாசம்” என்றாள் அக்கா. “நான் நடக்கும்போது எங்கிட்ட எதாவது கேளுங்க, வேண்டாங்கல. ஆனா பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க. எனக்குப் பதிலா நீங்களே பேசிக்காதீங்க.”

மகள் ஸ்கேனை ரத்து செய்யவில்லை. எதற்கும் எடுத்துவிடுவோம் என்றாள், ஆனால் இந்தத் தடவை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. குளியலறைக் கதவிலிருந்த சீட்டைக் கணவர் அன்றே கத்தியால் சுரண்டி எடுத்தார். மற்றவற்றில் பசை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டார். உப்பு இன்னமும் ‘உப்பு’ என்றே இருந்தது.

ஒன்பதாவது மாதம் கடைக்குத் திரும்பினாள். அக்கா எடுக்கும் மருந்தை ஒரு மாதம் நானும் ஒருமுறை பார்த்துத்தான் கொடுப்பேன் என்றான் தம்பி. அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. யோசித்தால் அது நியாயமாக வேறு இருந்தது, அதனால் திட்டவும் முடியவில்லை. அவளும் ஒரு சட்டம் போட்டாள். அலமாரியின் பக்கம் திரும்பியிருக்கும்போது ஒருவரும் அவளிடம் பேசக் கூடாது. மருந்தை எடுத்து, மேசைக்கு வந்து, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்த பிறகுதான் பேச்சு. வருகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அக்காவுக்கு ரொம்பத்தான் பிகு ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தபால்காரர் மட்டும் மருமகன் கதையைப் பாதியில் நிறுத்தி, அவள் கைகள் பலகைக்கு வரும்வரை வாயைத் திறந்தபடியே காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த மாதத்தில் தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒருமுறை தம்பி பிடித்த தப்பு, பார்த்தால், அவன் தப்பு.

கடைசித் தடவையாகக் கீழ்த்தளத்துக்குத் தனியாகவே போனாள். கணக்கோடு நடை பன்னிரண்டு விநாடி. ஸ்பாஞ்ச் பலகையில் கண்ணை மூடி அரை நிமிஷம். இதற்குமேல் பெரிதாக ஏறாது என்றாள் கடிகாரக்காரி, மறைக்காமல். இருட்டிலும் கூட்டத்திலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ஒரு காதை வைத்துக்கொண்டுதான் இனி குடித்தனம். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றாள்.

“எங்கம்மா மாதிரி எனக்கும் வந்துடுமா?” என்று கேட்டாள்.

கடிகாரக்காரி முதல் தடவையாக அவசரப்படவில்லை. “தெரியாது. வராதுன்னு என்னால சொல்ல முடியாது. இப்ப உங்களுக்கு இருந்தது அது இல்ல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

நேரான பதில். அக்காவுக்கு அது போதவில்லை. ஆனாலும் இத்தனை மாதத்தில் அவளிடம் பூசிமெழுகாமல் பேசிய ஒரே ஆள் என்று தோன்றியது. கடிகாரக்காரியின் கட்டின தொண்டைக்கு ஒரு மாத்திரைப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளை அடையாளம் கண்டு, குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தைப் பற்றிக் கேட்டாள். எடை எத்தனை, கடைசியாக எப்போது கொடுத்தாய், மூடியில் அளந்தாயா கரண்டியிலா என்று அக்கா விசாரித்தாள். வண்டி வளைவில் திரும்பியது, இவள் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரேக் போட்டது, எத்தனை மணி நேரம் விட்டுக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இறங்கிப் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெட்ரோல் பங்க் தெரிந்தது. தன் நிறுத்தம் போய்விட்டிருந்தது.

சனியனே என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள். அவளுடைய நிறுத்தத்தில் கணவர் குடையோடு நின்று, வந்துபோகும் ஒவ்வொரு பேருந்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிர்த் திசையிலிருந்து வருவதைக் கண்டதும் அவர் முகம் போன போக்கு அவளுக்குத் தெரிந்தது.

“பேசிக்கிட்டே வந்தேன், விட்டுட்டேன்” என்றாள். “எல்லாரும் விடறதுதான்.”

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், குறுக்கே போட்ட பலகை, இரண்டு பக்கமும் வண்டிகள். அவர் பலகையைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, அவள் நடைபாதையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, “ம், இப்ப கேளுங்க” என்று சொல்லும்வரை அவர் பேசவில்லை. கேட்டபோது, என்ன கேட்க நினைத்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.